புக்கோட்டை பஸ்

பிள்ளைகளா, என் போன் அணைந்துபோனபோது நான் பயந்தது போனுக்காக இல்லை. சின்னவளே, உனக்குப் பேச்சு வந்த புதிதில், வாசலில் நின்று கண்டக்டர் மாதிரி நீ ஆள் கூப்பிட்ட வீடியோ அதில் மட்டும்தான் இருந்தது. புதுக்கோட்டை அப்போது உன் வாயில் புக்கோட்டை.

தென்னைக்குத் தண்ணீர் திருப்பும்போது மடியிலிருந்து நழுவி வாய்க்காலில் விழுந்த போன் அது. துடைத்துக் காயவைத்தேன், ஓடியது. சில வாரங்களில் சார்ஜ் போடும் ஓட்டை பச்சையாகிவிட்டது. உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "களிம்புதாங்க. புளி வச்சுத் தேச்சாப் போயிரும்" என்றாள். குத்துவிளக்கில் போகிறது, இதிலும் போகாதா என்று நானும் துணியைப் புளித்தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே போன் அணைந்தது.

புதுக்கோட்டையில் கம்பெனி சர்வீஸ் கடையில், உள்ளே இருக்கும் போர்டையே மாற்ற வேண்டும், படம் எதுவும் மிஞ்சாது என்றார்கள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலங்குடியில் இறங்கினால் எதிரே ஒரு சின்ன ரிப்பேர் கடை. கொடுக்கவா, வேண்டாமா? கை வைத்து முழுசாகக் கெடுத்துவிட்டால்? கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன்.

கடை நடத்துவது ஒரு பெண். போனைத் திறந்து மோந்து பார்த்தது அந்தத் தங்கச்சி.

"அண்ணே, புளியா?"

"களிம்பா இருந்துச்சும்மா."

"நல்லவேளை, தாளிக்காமக் கொண்டாந்தீங்க."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னது: "போர்டு அரிச்சிருக்கு. கழுவிப் பாக்கலாம். வந்தாலும் வரும், ஒரேயடியாப் போனாலும் போகும். ஒங்களுக்குப் போன் வேணுமா, உள்ள இருக்கறது வேணுமா?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"உள்ள இருக்கறதுதாம்மா. போன் போனாப் போகுது."

"அப்பச் செய்யலாம். ஒருதடவ கண்ணு முழிச்சாப் போதும்."

ஏதோ மருந்தை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்தது. திரை வெளிச்சமானதும் எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றிவிட்டு, சரியாக ஏறியிருக்கிறதா என்று போட்டுப் பார்த்தது.

"புக்கோட்டை, புக்கோட்டை, ஏறு ஏறு."

"பஸ்ஸு கெளம்பிருச்சுண்ணே" என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

போன் மறுநாள் மறுபடி அணைந்தது. அணையட்டும் என்று விட்டுவிட்டேன். கார்டை அம்மாவிடம் கொடுத்தபோது அவள் கேட்டாள்:

"பாத்தீங்களா? புளியால ஒன்னும் ஆகல."