சலிக்காமல் கொட்டிய மண்

1. ஆறுதான் இருக்கிறது

"நேற்று ஒன்பது மணிகள் இருந்தன. இன்று ஆறுதான் இருக்கிறது" என்றார் அகழாய்வு டைரக்டர்.

அவர் கையில் முந்தின நாள் நான் வரைந்த படம் இருந்தது. படத்தில் எலும்புக்கூட்டின் மணிக்கட்டைச் சுற்றி ஒன்பது சங்கு மணிகள். குழியில் ஆறு. இரண்டு முறை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் எண்ணினேன். ஆறுதான்.

அமீரகத்தின் அல் ஐனிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, பொடிமண் பரந்த வெட்டவெளியில் நடந்த அகழாய்வு அது. இரண்டாயிரத்துகளின் நடுவில் நான்கு குளிர்காலங்கள் அங்கே சைட் சூப்பர்வைசராக வேலை பார்த்தேன். புதிய கற்காலத்து மனிதர்கள் தரையில் வட்டமாக ஓர் அகழி வெட்டியிருந்தார்கள். அது எப்போதோ மண் நிறைந்து மூடிப்போய், நிறம் மாறிய ஒரு வளையமாக மட்டும் தெரிந்தது. வளையத்துக்குள் வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. எதற்காக வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வளையத்துக்கு வெளியே, பத்தடி தள்ளி, ஒரு புதைகுழி. கால்களை மடக்கி, கைகளை முகத்தருகே வைத்து, ஒருக்களித்துப் படுத்திருந்தார் ஒரு மனிதர். அகழியை வெட்டிய கூட்டமும் இவரும் ஒரே காலத்தவர்களா என்பதுதான் டைரக்டரின் கேள்வி. அவர் ஐரோப்பியர். அறுபதை நெருங்கியவர். குரலை உயர்த்தமாட்டார்.

நான் வரலாற்றில் முதுகலை படித்தவன். தொல்லியலில் டிப்ளமோவும் உண்டு. லேபர் சப்ளை கம்பெனி அனுப்பிய பதினான்கு பேரை வேலை வாங்குவது என் பொறுப்பு. அவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்கள் சொல்வதை டைரக்டருக்கும் அவர் சொல்வதை அவர்களுக்கும் மொழிபெயர்ப்பதும் என் பொறுப்புதான். இந்த இரண்டாவது பொறுப்பைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2. வெறுங்கால்

"நேற்று மாலை இங்கே யாராவது வந்தார்களா?" என்று டைரக்டர் கேட்டார்.

"வந்தார்" என்றேன். சொல்லக் காத்திருந்தவன் போலச் சொன்னேன்.

சிவகங்கைப் பக்கத்துக் கருப்பையாவை முதல் வாரத்திலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. குழியருகே வேலை கொடுத்தால் வேண்டாம் என்பார். ஆனால் அகழியில் மண் வெட்டும்போது கண் மட்டும் குழியின் பக்கமே இருக்கும். "ஆம்பளையா சார்? என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வேண்டாம் என்பவனுக்கு எதற்கு இத்தனை விசாரணை என்று நினைப்பேன்.

எங்கள் பஸ் டிரைவர் காதர் பாய், கீழக்கரைக்காரர். அவரிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது சிரித்தார். "உங்களுக்கு ஒட்டகம் கொட்டாவி விட்டாக்கூடச் சந்தேகம் சார். அது பல்லு விளக்கலியோ என்னமோன்னு போயிப் பாப்பீங்க."

மணிகள் தொலைந்ததற்கு முந்தின நாள், டூட்டி முடிந்து எல்லாரும் பஸ்ஸில் ஏறியபின் கருப்பையா இறங்கினார். "தண்ணிக் கேனை விட்டுட்டேன் பாய், இந்தா வந்துர்றேன்." அவர் அகழி ஓரத்தில் நின்று பூட்ஸைக் கழற்றியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெறுங்காலோடு குழிக்குப் போனார். பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கினார். மூன்று முறை குனிந்து எழுந்தார். ஷீட்டை மூடிவிட்டுத் திரும்பினார். கையில் தண்ணிக் கேன் இல்லை.

அன்று சாயங்காலமே என் நோட்டில் எழுதினேன்: "கருப்பையா குழிக்குப் போனான். வெறுங்கால். சத்தம் கேட்காமலிருக்க."

3. காற்று மண்

அடுத்த நாள் விடிந்ததும் போட்டோ எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் எலும்பு படத்தில் வெளுத்துப்போகும். டைரக்டர் கேமராவோடு வருவதற்குள் குழியைச் சுத்தம் செய்ய நானே இறங்கினேன். மணிக்கட்டின் மேலும் மார்பின் மேலும் மண் கிடந்தது. பிரஷ்ஷால் கூட்டி, அள்ளி, வாளியில் போட்டு டம்ப்பில் கொட்டினேன்.

டம்ப் என்பது சலித்து முடித்த மண்ணைக் கொட்டும் மேடு. குழிக்குள்ளிருந்து வரும் மண் ஒரு பிடியானாலும், காற்றில் வந்து விழுந்ததானாலும், சல்லடையில் சலித்தபிறகுதான் டம்ப்புக்குப் போக வேண்டும். டைரக்டரின் கண்டிப்பான விதி அது. ஆனால் இரண்டாம் வருஷத்திலிருந்தே நான் அதை விட்டுவிட்டேன். ஊதக்காற்று தினமும் மண்ணைக் கொண்டுவந்து போடும். தினமும் சலித்தால் அரை மணி நேரம் போகும். "காத்து மண்ணுதானே, கொட்டுங்க" என்று ஆட்களுக்கும் பழக்கியிருந்தேன். டைரக்டருக்கு இது தெரியாது.

4. மொழிபெயர்ப்பு

கருப்பையாவின் பையைச் சோதித்தோம். கேம்ப்புக்குப் போய் ரூமில் அவருடைய பெட்டியைத் திறந்தோம். அடியில், துணிக்குள் ஒரு தீப்பெட்டி. திறந்தால் திருநீறு. அப்போதும் என் சந்தேகம் குறையவில்லை. வேறெங்கோ ஒளித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

சைட் ஆபீஸில் டைரக்டர், நான், கருப்பையா மூவர் மட்டும் இருந்தோம். எதற்குக் குழிக்குப் போனார் என்று டைரக்டர் கேட்கச் சொன்னார்.

"சார், மூணு வருசத்துக்கு முந்தி சவூதில, அல் கோபார்ல இருந்தப்ப எங்கப்பா செத்துப் போனாரு. லீவு குடுக்கல. ஒத்தப் புள்ள நான். ஒரு பிடி மண்ணு கூட என் கையால போடல. இங்க இந்த மனுசன் வெயில்ல தொறந்து கெடக்காரு. யாரு பெத்த புள்ளையோ. மனசு கேக்கல சார். செருப்புக் காலோட போகக்கூடாதுன்னு கழட்டிட்டுப் போயி மூணு பிடி மண்ணு போட்டேன். அம்புட்டுத்தான். எடுக்கல சார், போட்டேன். இவருகிட்ட சொல்லுங்க."

மூன்று முறை குனிந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் நான் கூட்டியது காற்று கொண்டுவந்த மண் அல்ல, இவர் போட்ட மண் என்பதும் விளங்கியது. அந்த மண்ணோடு எது எங்கே போயிருக்கும் என்பதும்.

டைரக்டர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். கருப்பையா சொன்னதை அப்படியே சொன்னால் அடுத்த கேள்வி, "அந்த மண் எங்கே?" என்பதுதான். சலிக்காமல் கொட்டியதைச் சொல்ல வேண்டிவரும். இரண்டு வருஷமாகக் கொட்டியதையும் சொல்ல வேண்டிவரும்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "போனதை ஒப்புக்கொள்கிறார். சரியான காரணம் எதுவும் சொல்லவில்லை."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். போலீஸ் வேண்டாம், ஆனால் இவர் இனி இங்கே வேண்டாம் என்றார். கருப்பையாவுக்கு ஆங்கிலம் தெரியாது. டைரக்டர் தலையை ஆட்டியதைப் பார்த்துவிட்டு, "புரிஞ்சுக்கிட்டாரா சார்?" என்று என்னைக் கேட்டார்.

"பாக்கலாம், போ" என்றேன்.

அந்த வாரமே கம்பெனி விசாவை கேன்சல் செய்தது. ஏர்போர்ட்டில் விட்டுவந்த காதர் பாய் அதன்பிறகு என்னோடு சிரித்துப் பேசவில்லை. ஒரே ஒருமுறை கேட்டார்: "கலாஸ் சார், முடிஞ்சிருச்சு, ஆள் போயிட்டான். இப்பவாச்சும் உங்க சந்தேகம் தீந்துச்சா?"

5. வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளிக்கிழமை, லீவு நாளில், ஆய்வறிக்கைக்கு அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி சைட்டுக்குத் தனியாகப் போனேன். டம்ப்பின் ஓரத்தில் நான் கொட்டிய இடம் தெரியும். அந்த மண்ணை அள்ளிச் சலித்தேன்; நான்காவது வாளியில் முதல் மணி கிடைத்தது. உச்சிவேளைக்குள் மூன்றும் கிடைத்துவிட்டன. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சல்லடையருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றுகூடச் சொல்லியிருக்கலாம். கருப்பையாவைத் திரும்ப அழைத்திருப்பார்கள். என்னை அனுப்பியிருப்பார்கள். நான் செய்தது வேறு. அகழியில் எடுத்து, இன்னும் சலிக்காமல் வைத்திருந்த மண் பைகளில் ஒன்றைத் திறந்து, மூன்றையும் அதில் போட்டு, மறுநாள் சலிக்கும்போது புதிதாகக் கண்டெடுத்தவன் போலக் காட்டினேன்.

டைரக்டர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். குழியில் இருக்கும் அதே வகை மணி அகழியிலும் இருக்கிறது என்றால், இரண்டும் ஒரே மக்களுடையவை. அவருடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. காணாமல்போனவையும் மூன்று, கிடைத்தவையும் மூன்று என்பதை அவர் யோசிக்கவே இல்லை. என் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆய்வறிக்கையில் அந்த மணிகளுக்குத் தனிப் பத்தி ஒன்று இருக்கிறது. கண்டெடுத்தவன் என்று என் பெயரும் இருக்கிறது.

6. எழுதிக் குடுங்க

ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபின் காதர் பாயைத் தேடிப் பிடித்து, கருப்பையாவின் நம்பரை வாங்கினேன். போன வருஷம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் சொன்னத நீங்க அவருகிட்ட சொல்லவே இல்லியா சார்?"

"இல்ல, கருப்பையா."

"இத்தன வருசமா, நான் சொன்னதக் கேட்டும் அந்த வெள்ளைக்காரரு நம்பலைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவரே தொடர்ந்தார். "பொணத்துக்கிட்ட திருடி மாட்டிக்கிட்டு வந்தவன்னு ஊருக்குள்ள பேரு. எம்மகளப் பாக்க வந்தவுக ரெண்டு எடத்துல இதச் சொல்லியே போயிட்டாக. போன்ல என்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது? எழுதிக் குடுங்க. என் பேரப் போட்டு எழுதிக் குடுங்க."

அவர் கேட்டபடி எழுதுகிறேன். கருப்பையா எதையும் எடுக்கவில்லை. மூன்று பிடி மண் போட்டார். அந்த மண்ணோடு மூன்று மணிகளையும் கூட்டிக் கொட்டியவன் நான். ஆய்வறிக்கையில் அகழியில் கிடைத்ததாகச் சொல்லியிருக்கும் மூன்று மணிகள் புதைகுழியைச் சேர்ந்தவை. அகழியும் குழியும் ஒரே காலமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. டைரக்டருக்கும் இதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். இந்தமுறை ஒரு வார்த்தையும் விடவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பொருள் காணாமல்போனால், அடுத்தவர் பெட்டியைத் திறக்குமுன் உங்கள் கையிலிருந்து போன வாளியைச் சலித்துப் பாருங்கள். என் பழைய நோட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது: வெறுங்கால், சத்தம் கேட்காமலிருக்க. நான்கு குளிர்காலம் அந்தப் பொடிமண்ணில் பூட்ஸோடு நடந்தவன் நான். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என் காலடிச் சத்தம் கேட்டதில்லை.