நாலு மணிக்குக் காணாமல் போன திட்டுகள்

அழுக்கு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். என் ஆய்வின் கடைசி ஆண்டில் என் வழிகாட்டி என்னிடம் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வைப் போல ஒன்றை ஆய்வகத்தில் செய்து பார்ப்பது என் வேலை. இரண்டு வகைக் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் கலந்து பக்குவமாகத் தண்ணீரில் விட்டால், அவை தாமாகவே இரண்டு அடுக்காக அணிவகுத்துக் குட்டிக் குட்டிப் பைகளாக மூடிக்கொள்ளும். ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு முழு நிலா. என் நிலாக்களில் கரிய திட்டுகள் இருந்தன. நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும் கொழுப்பு தனியாக ஒதுங்கிக்கொள்கிறது, சாயம் அங்கே நுழைய முடியவில்லை என்பது என் கட்சி. கண்ணாடியைச் சரியாகக் கழுவவில்லை என்பது அவர் கட்சி. அவர் வந்து பார்க்கும்போதெல்லாம் திட்டுகள் இருக்காது என்பதுதான் கொடுமை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு ஆய்வேட்டைக் கொடு என்றார். அதை எடுத்தால் என் உழைப்பில் மிஞ்சுவது முன்னுரைதான்.

மதியம் கடையடைத்துத் தூங்கி எழுவது புதுச்சேரியின் பழைய வழக்கம். என் வழிகாட்டி அதில் அசல் புதுச்சேரிக்காரர். காலையெல்லாம் வகுப்பு. ஒரு மணிக்கு ஆய்வகத்து ஏசியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் நாலு மணிக்குத் திரும்பி வந்துதான் என் நுண்ணோக்கியில் பார்ப்பார். ஒரு மே மாதப் பகலில், அரியாங்குப்பத்தில் இருக்கும் வீடு வரை போய்ச் சாப்பிட்டு வரச் சோம்பல்பட்டு நுண்ணோக்கி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அறை சூடாகச் சூடாகத் திட்டுகளின் ஓரம் நடுங்கியது, மங்கியது, கரைந்தே போனது. குளிரில் உறைந்த நெய் வெயிலில் இளகுவது போலத்தான். இத்தனை நாளும் நான் குளிரில் கண்டதை அவர் புழுக்கத்தில் தேடியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் அவர் போனதும் ஏசியை மறுபடி போட்டு, ரிமோட்டை என் பையில் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு வந்தவர், ஏன் இப்படிக் குளிருகிறது என்று கடுகடுத்தார். உட்காரச் சொல்லித் திட்டுகளைக் காட்டினேன். அழுக்கு என்றார். ஏசியை அணைத்தேன். எழப்போனவரை எழ விடவில்லை. சட்டை வியர்வையில் நனைய, திட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைவதை அவரே பார்த்தார். திரும்ப ஏசியைப் போட்டேன். அறை குளிர்ந்ததும் அவை சிறு புள்ளிகளாக முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிய திட்டுகளாக வந்து நின்றன.

நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார். பிறகு, "எதுக்கும்மா வம்பு? வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் ஆயிரம் கேள்வி கேப்பாரு. அந்த அத்தியாயத்த எடுத்துடேன்" என்றார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"இப்ப பாத்தீங்களே சார், அது அழுக்குதான்னு என்னப் பாத்து ஒரு தடவ சொல்லுங்க. எடுத்துடறேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் சொல்லவில்லை. நான் எடுக்கவும் இல்லை.