மெஷின் கேட்டது என் பேச்சை

போன வருடம் ஐப்பசி மழையில், குன்னூர் பக்கம் ஜெகதளாவில் இருக்கிற என் தேயிலை ஃபேக்டரியில் நடந்தது இது. 'என் ஃபேக்டரி' என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, இலை மூட்டை சுமந்து, லாரி ஓட்டி முதலாளி ஆனவன். இலையை அள்ளி முகர்ந்தாலே எவ்வளவு நேரம் வாட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அதில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை.

என் மருமகள் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். நான் வாயால் நடத்திய வேலையை எல்லாம் புரோகிராமாக எழுதி, பட்டனைத் தட்டினால் மெஷின் ஓடும்படி செய்தாள். பிறகு க்ரீன் டீ போடலாம் என்று பிடிவாதம் பிடித்தாள். சாதாரண டீக்கு இலையைத் தொட்டியில் பரப்பி ஃபேன் காற்றில் வாட்ட வேண்டும். க்ரீன் டீக்கு வாட்டவே கூடாது, உடனே ஆவியில் விட வேண்டும். ஆவி மெஷின் வாங்கிக் கொடுத்தேன். முதல் சரக்கு கெட்டால் மெஷினை விற்றுவிடுவேன் என்றும் சொல்லிவைத்தேன்.

கொச்சியிலிருந்து ஒரு வியாபாரி ருசி பார்க்க வரவிருந்த நாள் அது. பறித்த கொழுந்தில் பாதியைத் தொட்டியில் கொட்டி, மேஸ்திரி க்ரீன் டீ பட்டனைத் தட்டினார். தொட்டிக்குள் ஓடும் பெல்ட் இலையை ஆவிக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். அது அசையவே இல்லை, அடியிலிருந்து ஃபேன் ஊதியது. கம்ப்யூட்டர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார். நான் வந்து பார்க்கும்போது இலை துவண்டு, ஓரம் சிவந்திருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"என்னதான் படிச்சாலும் மெஷினு பெரியவர் பேச்சைத்தானுங்க கேக்குது. சின்னம்மா பேச்சைக் கேக்கலை" என்றார் மேஸ்திரி.

எனக்கு உள்ளுக்குள் மனசு குளிர்ந்தது. மருமகள் முகம் வெளுத்துவிட்டது. மீதி இலையும் அதிக நேரம் தாங்காது. ஆனாலும் அவள் அழவில்லை, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாள்.

"ஏனுங்க மாமா, மேஸ்திரி சொன்னது நெசந்தானுங்க. அது உங்க பேச்சைத்தான் கேட்டிருக்குது."

விளக்கினாள். புரோகிராமில் என் சாதாரண டீ வேலை தாய். க்ரீன் டீ அதன் பிள்ளை. தாயின் கட்டளைகள் எல்லாம் பிள்ளைக்கும் தானாக வந்துவிடும். 'பதப்படுத்து' என்று தாயிடம் ஒரு கட்டளை உண்டு. அதற்கு ஃபேனைப் போடு என்று பொருள். பிள்ளையிடம் அதே பெயரில், ஆவியில் விடு என்று இவள் மாற்றி எழுதியிருக்கிறாள். அப்படி மாற்றுவதற்கு ஓவர்ரைடிங் என்று பெயராம். ஆனால் என் கட்டளை ஓடுவதற்கு எந்த விவரமும் கேட்காது. இவள் எழுதியதோ இலையின் எடையைக் கேட்கும். அதனால் மெஷின் அதை மாற்றாக எடுத்துக்கொள்ளாமல், ஒரே பெயரில் இரண்டு தனிக் கட்டளைகளாக வைத்துக்கொண்டது. இது ஓவர்லோடிங். மேஸ்திரி எடை கொடுக்காமல் தட்டியதால் என்னுடையது ஓடிவிட்டது.

எனக்குப் பட்டென்று பிடிபட்டது. விறகைக் காட்டி 'போடு' என்றால் ஆள் பாய்லரில் போடுவான், மூட்டையைக் காட்டி 'போடு' என்றால் லாரியில் போடுவான். கையில் கொடுப்பதை வைத்துத்தானே வேலை! ஆனால் வேறொன்று உறுத்தியது.

"அப்ப எம் பேச்சை அழிச்சுப்போட்டு உன்ற பேச்சை எழுதப்போறயா அம்மிணி?"

"அழிக்க மாட்டனுங்க மாமா. சாதா டீக்கு உங்க பேச்சேதான். க்ரீன் டீக்கு அந்த ஒரு எடத்துல மட்டும் என்ற பேச்சு. நான் ஒண்ணும் சொல்லாத எடத்துல எல்லாம் நீங்கதான்."

எடை கேட்பதை எடுத்துவிட்டு, 'இது தாயின் கட்டளைக்கு மாற்று' என்று மேலே ஓர் அடையாளமும் எழுதினாள். இனி இரண்டும் பொருந்தாவிட்டால் ஓடும் முன்பே எச்சரிக்குமாம். வாடிய இலையைச் சாதாரண டீக்குத் தள்ளிவிட்டு, மீதியைத் தொட்டியில் கொட்டச் சொன்னேன். பட்டனை நானே தட்டினேன். பெல்ட் நகர்ந்தது. ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. மதியம் வந்த வியாபாரி ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டார்.

ஆவி மெஷின் இன்றும் அங்கேயேதான் நிற்கிறது. க்ரீன் டீயைச் சலிப்பதும் மூட்டை கட்டுவதும் என் சொல்படிதான் ஓடுகின்றன. என் பேச்சுக்கு மேல் இன்னொரு பேச்சு நின்றாலும் என்னுடையது அழிந்துபோகாது என்று அன்று கண்டுகொண்டதால்தான், மருமகள் பேச வேண்டிய இடத்தில் இப்போது நான் தைரியமாக வாயை மூடிக்கொள்கிறேன்.