மத்தள வேறு, மாத்தளை வேறு: திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம்

இலங்கையில் மாத்தளையில் பிறந்த நான் இருபது வயதில் திருச்சிக்கு வந்தேன். அக்கா மாத்தளையிலேயே வாழ்க்கைப்பட்டாள். கடைசியாக நான் போய்ப் பதினாறு வருடம். போனில் கூப்பிடும்போதெல்லாம் "ஒரு மணி நேர ஃப்ளைட்தானே, நினைச்சா வந்துருவேன்" என்று அளப்பேன்.

போன மாதம் அவள் மகன் மெல்போர்னுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். அக்கா ஒரேயடியாகப் போகிறாள். புறப்படும் நாளில்தான் எனக்கு லீவு கிடைத்தது.

"நீ ஏர்போட்லயே நில்லு, நானே அங்க வர்றேன்" என்றாள். நானா கேட்பேன்? உன் வீட்டில், உன் கையால் சாப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

தூரம் காட்டும் இணையப் பக்கத்தில் திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க 420 கிலோமீட்டர். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினேன். "மத்தள, 565 கிலோமீட்டர்" என்று வந்தது. அட, நம்ம ஊருக்கும் விமான நிலையமா! திருச்சியிலிருந்து அங்கே விமானம் இல்லாததால் கட்டுநாயக்கவுக்கே டிக்கெட் எடுத்தேன். ஆனால் கார்க்காரருக்கு ஊர்ப் பெயரை அந்தப் பக்கத்தில் இருந்தபடியே எழுதி அனுப்பினேன்.

காலை 9.35க்கு இறங்கி, 10.30க்குக் காரில் ஏறித் தூங்கிப்போனேன். விழித்தபோது நெடுஞ்சாலைப் பலகை தென்கோடி மாத்தறைக்கு வழி காட்டியது. விமான நிலையத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தெற்கே வந்திருந்தோம்.

"சேர் மெசேஜ்ல மத்தள போட்டது தானே? அது அம்பாந்தோட்டை பக்கம்" என்றார் டிரைவர். தப்பு முழுக்க என்னுடையது.

வண்டியைத் திருப்பினோம். அக்கா மூன்று மணிக்குள் கிளம்பியாக வேண்டும். 3.10க்குக் கண்டி நெரிசலில் நின்றுகொண்டு டிரைவரின் போனில் கூப்பிட்டேன்.

"வான் கெளம்பிருச்சுடா. குருநாகல் பக்கமா போறோம். நீ வீட்டுக்குப் போய் சாப்பிடு."

அவள் ஒரு சாலையில், நான் ஒரு சாலையில். விமான நிலையத்துக்குத் திரும்பிப் போனாலும் அவள் உள்ளே போயிருப்பாள். டிரைவருக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு மாத்தளை. பக்கத்துக் கடை முஸ்லிம் அண்ணனிடம், எங்கள் ஊர்ப் பேச்சில் நானாவிடம், சாவி இருந்தது. "தம்பிதானே? மூனு மணி வரைக்கும் வாசல்லயே நிண்டாங்க" என்றார்.

மேசையில் இரண்டு தட்டு. இரண்டிலும் சோறு, பலாக்காய்க் கறி. அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்தக் காலி வீட்டில் எதிரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஆறரைக்கு அக்கா நானாவின் போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

"ஒரு மணி நேரத்துல இருந்தப்பவே பதினாறு வருசம் ஆச்சு. இனி பதினொரு மணி நேரம்டா" என்றாள்.

போகிறவர்களுக்கு: மாத்தளைக்கு விமானம் கிடையாது. கட்டுநாயக்கவிலிருந்து காரில் நான்கு மணி நேரம் வையுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதி டிரைவரிடம் காட்டுங்கள். யாராவது "ஏர்போட்லயே நில்லு, நான் வர்றேன்" என்றால், தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள்.