ஐந்து ரொட்டிப் பைகள்

கண்ணால் பார்க்காத ஒன்றை ஒருவர் ஐயமின்றி அறிந்திருந்தால் அவர் சாட்சியா? சட்டம் இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடும். அல்மைரா ஸ்ட்ரௌட்டுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

டகோட்டாப் புல்வெளியில் ஹாக்பெரி என்ற ஊரில் அவள் கணவன் வார்னர் ஷெரீப்பாக, அதாவது ஊர்க் காவல் அதிகாரியாக இருந்தான். ஊர்ச் சிறை என்பது அவர்கள் வீட்டின் பின்பாதி. முன்னால் இரண்டு அறை, நடுவில் சமையலறை, அதற்குப் பின்னால் இரும்புக் கம்பி போட்ட இரண்டு கொட்டடிகள். கைதிகளுக்குச் சமைப்பது ஷெரீப் மனைவியின் வேலை. அவளை யாரும் அதற்கு நியமிக்கவில்லை. கல்யாணத்தோடு சேர்ந்து வந்தது. ஊர் வாரப் பத்திரிகையில் 1884ஆம் ஆண்டுக்கு முன் அவள் பெயர் மூன்று முறை வந்திருக்கிறது. கிழக்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது ஒரு வரி. பிறந்த எட்டாம் நாள் இறந்துபோன ஆண் குழந்தைக்கு இரண்டு வரி. கண்காட்சியில் வெள்ளரி ஊறுகாய்க்கு இரண்டாம் பரிசு வாங்கியதற்கு ஒரு வரி. அந்த ஊரில் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு அது குறைவான இடமல்ல.

அந்த ஆண்டு ஏப்ரலில் டெல்லெஃப் என்ற நார்வேக்காரனைக் கொண்டுவந்து அடைத்தார்கள். வயது இருபத்தாறு. தானியக் கிடங்கு முதலாளி பென்ஹாலோவின் செங்குதிரைகள் இரண்டு காணாமல் போயிருந்தன. அவற்றில் ஒன்றை இவன் ஆற்றோரமாகக் கயிறு போட்டு நடத்திவந்தபோது பிடித்தார்கள். தனியாக மேய்ந்துகொண்டிருந்தது, ஒப்படைக்கக் கொண்டுவந்தேன் என்றான். அவன் நடந்தது ஊரை நோக்கித்தான். பத்திரிகை அவன் பெயரைப் போடாமல், 'குதிரைத் திருடன் பிடிபட்டான்' என்று மட்டும் போட்டது. வழக்கு நடக்கும் முன்பே ஒருவனைத் திருடனாக்கிவிடுவது அந்தக் காலத்துத் தலைப்புகளின் வழக்கம்.

பதினோரு நாள் அவன் அங்கே இருந்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல், கம்பி இடுக்கில் கையை நீட்டி உருளைக்கிழங்கை வாங்கித் தோல் சீவிக் கொடுப்பான். கைதி கையில் கத்தியா என்று வார்னர் கேட்டதற்கு, "கிழங்கைத் தவிர அவன் எதையும் குத்தமாட்டான்" என்றாள்.

"காப்பி கழுவுத்தண்ணி மாதிரி இருக்கே, அக்கா" என்றான் ஒரு நாள்.

"திருடனுக்கு இதுவே அதிகம்."

"திருடாதவனுக்கே இப்படின்னா, நெசமாத் திருடினவன் வந்தா என்ன குடுப்பீங்க?"

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காப்பித்தூள் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. மினசோட்டாவில் இருந்த தங்கைக்கு அவன் எழுதிய கடிதத்தையும் அவளே தபாலில் சேர்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. எல்ம் கிரீக்கில் ஒருவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வார்னர் காலையிலேயே குதிரையேறிப் போய்விட்டான். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சமையலறை ஜன்னலில் நல்ல வெயில். பின்கதவு வழியாக ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் வெள்ளைப் பை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

மாவு வரும் பையை அங்கே எந்த வீட்டிலும் எறிவதில்லை. ஆலைக்காரன் முத்திரை போகும்வரை சலவைக் காரம் போட்டு வேகவைத்து, வாயோரத்தை மடித்துத் தைத்து, ரொட்டி வைக்க எடுத்துக்கொள்வார்கள். வியாழக்கிழமைதோறும் தேவாலயப் பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்த பைகள் அவை. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொண்ட ஆண்களுக்கு எல்லாப் பையும் ஒன்றுதான். அல்மைராவுக்கு அப்படி இல்லை. சிவப்புக் குறுக்குத் தையல் போட்டது பென்ஹாலோவின் மனைவி ட்ருசில்லாவுடையது. தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அந்த ஊரில் இடக்கையால் தைக்கும் ஒரே பெண்ணுடையது. அடுத்த மூன்றையும் அவள் அப்படியே அறிந்தாள். நான்கு கழுத்துகளில் நான்கு மனைவிகளின் கையெழுத்து.

ஐந்தாவது ஆள் மற்றவர்களைவிட உயரம். அவன் கழுத்தில் நீல நூலில் இரட்டை மடிப்பு. அது அவளே தைத்தது. அவன் யாரையும் கேட்கவில்லை, சுற்றும் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சரக்கறைக் கதவின் உள்பக்கத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். அந்த ஆணி அங்கே இருப்பது வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் பேசவும் இல்லை. கையில் ஈரத் தட்டோடு நின்றாள். டெல்லெஃப் எழுந்து கம்பியருகே வந்து, "யாருக்கா இவங்க?" என்று கேட்டான். அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

தூக்குப் போடத் தகுந்த மரம் அந்தப் பக்கத்தில் எங்கும் கிடையாது. ரயில் பாலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

வார்னர் இருட்டிய பிறகு வந்தான். நடந்ததை வாசலிலேயே யாரோ சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவள் சாப்பாட்டு மேசையில் தட்டை வைக்காமல் நின்றாள்.

"எல்ம் கிரீக்ல சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"என்ன போட்டாங்க?"

"என்ன போடுவாங்க. எல்லா வீட்லயும் போடறதுதான்."

"ரொட்டிப் பை ஒண்ணு கொறையுது."

அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "காத்துல போயிருக்கும்" என்றான். அந்த ஊரில் காற்றில் போகாத பொருள் இல்லை. அதனால் அதற்குமேல் அவள் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை மரண விசாரணை. அதிகாரி கேட்டார்: "யார் முகத்தையாவது பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"குரல்?"

"யாரும் பேசலைங்க."

இரண்டும் உண்மை. மூன்றாவது கேள்வி வரவில்லை. அடையாளம் தெரியாத நபர்களால் மரணம் என்று ஜூரிகள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் பென்ஹாலோ. அந்த வாரப் பத்திரிகையில் அல்மைராவின் பெயர் நான்காவது முறையாக வந்தது. திருமதி ஸ்ட்ரௌட் வீரத்துடன் போராடியும் சாவி அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஒரு பொய் அவமானப்படுத்தும்போது மறுப்பதைவிட, பாராட்டும்போது அதை மறுப்பது கடினம். அவள் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல் தையலுக்குப் போனாள். பேச்சு முழுக்க மழையைப் பற்றியும் கோழிக்குஞ்சுகளைப் பற்றியும். ட்ருசில்லா மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு ஊசிமுனையால் சிவப்பு நூலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு, ஏன்டி பிரிக்கிறே?" என்று கேட்டாள் அல்மைரா.

"கோணலா இருக்கு."

"உன் கை என்னிக்குக் கோணலாச்சு?"

ட்ருசில்லா தலை நிமிரவில்லை. "பார்க்காதடி. பார்க்கலைன்னு சொன்னவதானே நீ, அப்படியே இரு."

மற்ற பெண்கள் ஊசியில் நூல் கோத்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்திக்குத் தெரியும் என்பது இன்னொருத்திக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருந்தது. பத்திரிகைக்கும் சட்டத்துக்கும் தெரியாத நபர்கள் அந்த அறையில் மிக நன்றாகத் தெரிந்தவர்கள்.

மே கடைசியில் நெப்ராஸ்காவில் ஒருவன் காணாமல் போன இரண்டாவது செங்குதிரையை விற்க முயன்று பிடிபட்டான். இரண்டையும் தானே அவிழ்த்ததாகவும், ஒன்று வழியில் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டான். பத்திரிகை அதற்கு நான்கு வரி ஒதுக்கியது. ஏப்ரலில் நடந்தது வருந்தத்தக்கது என்றும், ஆனாலும் அதன்பின் குதிரைத் திருட்டு குறைந்திருக்கிறது என்றும் எழுதியது. இறந்தவன் பெயர் அப்போதும் இல்லை.

அடுத்த வாரம் அவன் தங்கை ராக்னா ரயிலில் வந்து இறங்கினாள். தங்க வேறு இடம் கிடைக்காமல், அல்லது கொடுக்கப்படாமல், சிறை வீட்டுக் கதவைத் தட்டினாள். அல்மைரா உள்ளே அழைத்தாள். வார்னர் அன்றிலிருந்து ஓட்டலில் சாப்பிட்டான்.

ராக்னா அண்ணன் கடைசியாக எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்திருந்தாள். "காப்பி நல்லாயிடுச்சுன்னு எழுதியிருக்கான். நீங்கதானே போட்டது?"

"நான்தான்."

"நான் யாரையும் கொல்ல வரலைக்கா. எங்கம்மா கேப்பாங்க, யாரு செஞ்சதுன்னு. ஒரு பேர் வேணும். யாரோன்னு சொல்லி ஒரு தாயை நம்பவைக்க முடியாதுக்கா."

அல்மைரா எழுந்து அடுப்புக் கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்: "முகத்தை நான் பார்க்கலைம்மா. பையைப் பார்த்தேன். தச்ச கை யாருதுன்னு எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமாக இருந்தது. ராக்னா தலைநகர் வரை போய் மனுக் கொடுத்தாள். வெளியூர் நீதிபதி ஒருவர் வந்து பொது விசாரணை நடத்துவது என்று முடிவாயிற்று.

விசாரணைக்கு முந்தின நாள் இரண்டு பேர் அல்மைராவைத் தேடி வந்தார்கள். முதலில் ட்ருசில்லா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உன் குழந்தை போனப்ப எட்டு நாளும் உன் பக்கத்துல யாரு இருந்தா?"

"நீதான்."

"அதைக் கழுவி உடுத்தினது?"

"நீதான், ட்ருசில்லா."

"எனக்கு நாலு பிள்ளைங்க. நான் அவருக்காகக் கேக்கலை. அவர் நாசமாப் போகட்டும். பிள்ளைங்களுக்காகக் கேக்கறேன்." வாசல்வரை போய்த் திரும்பி, "செத்தவன் செத்துட்டான்டி" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் அவளே அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பிறகு அரசு வழக்கறிஞர். இளைஞர், வெளியூர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். "தையல் போதும்மா. நீங்க யார் யாரோட பைன்னு சொன்னா, அந்தந்த வீட்டுப் பொண்ணுங்களைக் கூப்பிட்டு நான் கேட்டுக்கறேன். ஒருத்தி உடைஞ்சாப் போதும்."

"அஞ்சுமே எனக்குத் தெரியும்."

அவர் தொப்பியை மேசையில் வைத்தார். வார்னரைப் பற்றி ஊரில் அவர் காதிலும் ஏதோ விழுந்திருக்க வேண்டும். "ஒரு விஷயம் சொல்லணும். பொண்டாட்டி புருஷனுக்கு எதிராச் சொல்ற சாட்சி இங்க செல்லாது. அதைச் சட்டம் காதுலயே போட்டுக்காது. அதனால உங்க வீட்டைப் பத்தி நீங்க பயப்பட வேண்டாம். மத்த நாலு பேரைச் சொல்லுங்க. வழக்கு அதுல நிக்கும்."

"அப்போ என் வீட்டைப் பத்தி நான் சொன்னா?"

"சொன்னதும் ஒண்ணுதான், சொல்லாததும் ஒண்ணுதான்."

அவள் புரிந்துகொண்டதாகத் தலையசைத்தாள். இதை வழக்கறிஞர் பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்கு விளங்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

விசாரணைக்குப் பின் அல்மைரா இருபத்திரண்டு ஆண்டுகள் வார்னரோடு அதே ஊரில் வாழ்ந்தாள். அவன் ஷெரீப் பதவியை இழந்து வைக்கோல் வியாபாரம் செய்தபோதும், வாதம் வந்து படுத்தபோதும் அவள்தான் பார்த்தாள். வியாழக்கிழமைத் தையலுக்கு மட்டும் மறுபடி போகவில்லை. நீதிமன்றத்தில் அன்று செய்ததற்குக் காரணம் கேட்டவர்கள் உண்டு. ட்ருசில்லாவும் கேட்டாள், போதகரும் கேட்டார், மினசோட்டாவிலிருந்து ராக்னா கடிதம் எழுதியும் கேட்டாள். யாருக்கும் பதில் கிடைக்கவில்லை. அவள் நட்பைக் காப்பாற்றினாள் என்று சிலர் சொன்னார்கள். தன் வீட்டுக் குற்றத்தை மட்டுமே தன்னுடையது என்று நினைத்தாள் என்று சிலர். பயன்படாத உண்மையைச் சொல்லித் தன் மனத்தைக் கழுவிக்கொண்டாள் என்று கடுமையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். இவற்றில் எதையும் முழுதாக மறுக்க முடியவில்லை, முழுதாக ஏற்கவும் முடியவில்லை.

அந்த விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஜூன் மாத வெயில், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. முதல் பெஞ்சில் ராக்னா. சுவரோரமாக வியாழக்கிழமைப் பெண்கள். கதவருகே வார்னர், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அல்மைரா சத்தியம் செய்துவிட்டு, கேள்விக்குக் காத்திராமல் பேசினாள்.

"வந்தவங்க அஞ்சு பேர். உசரமா இருந்தவர் போட்டிருந்த பை என் கையால நான் தச்சது. என் வீட்டு அலமாரியில இருந்தது. சாவி எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அவர் என் புருஷன், வார்னர் ஸ்ட்ரௌட்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அது சாட்சியாகாது, பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுத்தரிடம் சொன்னார். பேனா ஓடி அடித்தது.

"மத்த நாலு பேர்?" என்று கேட்டார் வழக்கறிஞர்.

அவள் தலையசைத்து மறுத்தாள்.

"தெரியாதுன்னு சொல்றீங்களா?"

"தெரியும்."

"அப்ப சொல்லுங்கம்மா."

ராக்னா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "அக்கா" என்றாள். ட்ருசில்லா முகத்தைக் கைகளில் மூடியிருந்தாள். நீதிபதி குரலை உயர்த்தாமல், சொல்ல மறுத்தால் நீதிமன்ற அவமதிப்பு என்றும், பத்து நாள் உள்ளே இருக்க வேண்டிவரும் என்றும் சொல்லி, மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார்.

அல்மைரா நாற்காலி முதுகில் போட்டிருந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். ராக்னாவின் பக்கமோ வார்னரின் பக்கமோ திரும்பவில்லை. கூட்டிப்போக யாரும் வரும்வரை காத்திராமல், வெயிலில் இறங்கிச் சிறையை நோக்கித் தனியாக நடந்தாள்.