பெயர்ச்சிக் கூட்டத்தில் குஞ்சம்மா

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வந்து தொலைந்துபோகிறவர்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் மைக்செட்தான். கோயிலைச் சுற்றி மற்றவர்களும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருப்பார்கள். ஆனால் நளன் குளத்தங்கரைப் பந்தல் எழுபதுகளிலிருந்து வரிச்சிக்குடி தெட்சிணாமூர்த்தியாகிய என்னுடையது. "பெரம்பலூரிலிருந்து வந்திருக்கும் பெரியவரே, உங்கள் சம்சாரம் இங்கே அழுதுகொண்டிருக்கிறார், எங்கிருந்தாலும் ஒலிபெருக்கிப் பந்தலுக்கு வரவும்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். ஆள் வந்து சேருவார். வந்ததும் அவர் சம்சாரத்தைத் திட்டுவார், சம்சாரம் என்னைத் திட்டுவாள். நன்றி சொன்னவர்கள் குறைவு. ஆனால் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். கூப்பிட்டுக் காதில் விழுந்தும் வராதவன் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். அவன் எங்கள் ஊர்க்காரன். சம்பந்தப்பட்டவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை, அதனால் சொல்கிறேன்.

என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி முத்தையன் வீடு. அவனும் தம்பி கருப்பையனும் குத்தகை நிலத்தில் நெல் போட்டு வந்தார்கள். முத்தையன் கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. எதிலும் ஒட்டாதவன். வயலில் நடவு நடந்துகொண்டிருக்கும்போதே வரப்பில் நின்று தரங்கம்பாடி பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வலது தோளை இறக்கி இறக்கி நடப்பான். தூரத்தில் வந்தாலே அவன்தான் என்று தெரிந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு போகம் தண்ணீரில் போனதும் சோசியரிடம் போனான். ஏழரைச் சனி நடக்கிறது, நாலு ஸ்தலம் போய் வந்தால் குறையும் என்றார் அவர். எழுபத்திரண்டு கார்த்திகையில் ஒரு காலை, "வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுட்டு வரேன்" என்று மஞ்சள் பையோடு பஸ் ஏறினான். பெண் அல்லி அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். போனவன் போனவன்தான்.

பொங்கல் கழிந்ததும் அவன் மனைவி குஞ்சம்மா அதே சோசியரிடம் போனாள். அவர் சோழியை உருட்டிப் பார்த்துவிட்டு, "உசுரோடதான் இருக்காரு. தெய்வ சன்னதியில பிச்சைக் கோலத்துல உக்காந்திருக்காரு. தேடினா கெடைப்பாரு" என்று சொல்லிவிட்டார். சனி பிடித்தால் ஏழரை வருஷத்தில் விட்டுவிடும், சோசியர் பிடித்தால் விடுதலையே கிடையாது. அன்றையிலிருந்து அவள் கோயில் வாசல்களில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரர்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலிக்குப் போவாள். வேலை இல்லாத நாளில் தூக்குவாளி நிறையப் புளிச்சோறு கிண்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, திருக்கடையூர் என்று சுற்றினாள். நாகூர் தர்கா வாசலையும் விடவில்லை. பிச்சைக்காரன் முகத்தை உற்றுப் பார்த்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், சோறு வைத்தால் நிமிர்ந்து பார்ப்பான். அதற்காகத்தான் சோறு. தாடியும் சடையுமாக இருக்கிறவர்களுக்கு இரண்டாவது தடவையும் வைத்துப் பார்ப்பாள். பல கோயில்களில் அவள் உள்ளேகூடப் போனதில்லை. ஒருமுறை கேட்டேன், அவ்வளவு தூரம் போய்ச் சாமியைப் பார்க்காமல் வருகிறாயே என்று. "சாமி எங்கயும் போயிடாதுண்ணே. இவங்கதான் எழுந்து போயிடுவாங்க" என்றாள்.

ஊர்ப் பெண்கள் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நம்ம காரைக்கால்ல புருஷன் விட்டுட்டுப் போன அம்மாவுக்குத்தானேடி கோயிலு, மாங்கனித் திருநா எல்லாம்" என்பார்கள். குஞ்சம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"அந்தம்மா பேயுருவம் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் அல்லிக்குச் சோறாக்கணும்" என்பாள்.

ரெண்டரை வருஷத்துக்கொரு தடவை வரும் பெயர்ச்சிதான் அவளுக்குப் பெரிய நாள். டெல்டாவில் உள்ள பிச்சைக்காரர்கள் அத்தனை பேரும் அன்று திருநள்ளாற்றில்தான் இருப்பார்கள். ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் என் பந்தலில் தூக்குவாளியை வைத்துவிட்டு, சட்டிச் சட்டியாகச் சோற்றை எடுத்துப்போய் வரிசை வரிசையாகப் பரிமாறுவாள். மாலையில் காலி வாளியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவாள். எங்கள் கண் முன்னாலேயே அவள் தலை நரைத்தது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எண்பத்து நாலில் அல்லிக்கு வரன் வந்தது. திருமலைராயன்பட்டினத்து மாப்பிள்ளை, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பெண் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கிளம்பும்போது ஒன்று கேட்டாள். "பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க. இருந்து செத்துட்டாருன்னாலும் பரவாயில்ல. ஓடிப்போனவரு மவள்னா நாளைக்கு எங்க சனங்க மொகத்துல முழிக்க முடியாது." காய்ச்சல் வந்து எங்கோ சத்திரத்தில் செத்திருப்பான் என்பதுதான் ஊரில் பலரின் பேச்சு, கருப்பையனும் அதையே சொல்லிச் சமாளித்து அனுப்பினான்.

காணாமல் போனவன் பன்னிரண்டு வருஷம் வராவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துக் கருமாதி முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கார்த்திகையோடு கெடுவும் முடிந்திருந்தது. கருப்பையன் நல்லவன். அத்தனை வருஷமும் அண்ணன் குடும்பத்துக்கு நெல் அளந்து போட்டவன் அவன்தான். அவனே தயங்கித் தயங்கி, "காரியத்தை முடிச்சுடலாம் அண்ணி. அல்லிக்கு வழி பொறக்கும்" என்றான். கருமாதி என்றால் குஞ்சம்மா தாலி இறங்கும், பொட்டு அழியும், மகள் கல்யாணத்தில் மணவறைப் பக்கம் வர முடியாது. அவள் மறுக்கவில்லை. மார்கழிப் பெயர்ச்சி ஒன்று பாக்கி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாள்.

அந்தப் பெயர்ச்சிக்கு வந்த கூட்டம் சொல்லி மாளாது. நானும் காலையிலிருந்து, "குளத்தில் துணியை விட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் படியேறவும், திரும்பிப் பார்த்தால் விட்ட சனி கூடவே வரும்" என்று பக்தியோடு கத்திக்கொண்டிருந்தேன். அது பக்திக்காக இல்லை, படியில் நின்றால் நெரிசலாகும் என்று போலீஸ்காரர் சொல்லச் சொன்னது. உச்சிப்பொழுதுக்குச் சோறு தீர்ந்துவிட்டது. குஞ்சம்மா வந்து என் பந்தல் மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள். எந்த முகமும் அவன் முகமாக இல்லை. சோர்ந்துபோய்ச் சும்மா குளத்தைப் பார்த்தாள். அதுவரை அவள் குளத்துப் பக்கம் பார்த்ததே கிடையாது. அங்கே எண்ணெய் தேய்த்து முழுகுகிறவர்கள் வண்டி வைத்துக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்கள். தன் புருஷன் அவர்களில் ஒருவனாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

திடீரென்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே. அங்க பாருங்க. பச்சைச் சீலைக்காரிக்குப் பக்கத்துல."

படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தொந்தி, கழுத்தில் தங்கச் சங்கிலி. ஒருத்தி அவன் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பையன்கள் தண்ணீர் அடித்து விளையாடினார்கள். முழுகி எழுந்து, கட்டியிருந்த வேட்டியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, துண்டோடு படியேறினான். வலது தோள் இறங்கி இறங்கி ஏறியது. பிச்சைக்காரனாக அவனை எதிர்பார்த்திருந்தேன், பிணமாகக்கூட எதிர்பார்த்திருந்தேன். இப்படி எதிர்பார்க்கவில்லை.

நடுவில் கயிறு கட்டி மறித்திருந்தார்கள், குளம் நிறைந்த கூட்டம் குறுக்கே நின்றது. குஞ்சம்மா மேடை விளிம்பில் நின்று, "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். அங்கே நின்ற பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். யார் திரும்பப் போகிறார்கள்? நான் மைக்கைப் பிடித்தேன். "வரிச்சிக்குடி முத்தையன் எங்கிருந்தாலும் குளத்தங்கரைப் பந்தலுக்கு வரவும்" என்று இரண்டு தடவை சொன்னேன். அவன் கால் ஒரு கணம் நின்றது. பிறகு துண்டைப் பிழிந்தான்.

"ஆளு வேறயோ என்னமோ" என்றேன் நான். எனக்கே நம்பிக்கை இல்லாமல் சொன்னேன்.

குஞ்சம்மா மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்புகிறவள் அவள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட அல்லியைத்தான் சொல்லச் சொல்வாள், அல்லி இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் யாரையாவது கெஞ்சுவாள். அந்த வாயால் சொன்னாள்.

"முத்தையன்... வரிச்சிக்குடி முத்தையன். நான் குஞ்சம்மா பேசுறேங்க. அல்லிக்குக் கல்யாணம் வருது. ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு தடவ வந்து நின்னுட்டுப் போயிடுங்க."

குளத்தைச் சுற்றி எட்டுக் குழாயிலும் அவள் குரல் கேட்டது. அந்தப் பச்சைச் சீலைக்காரி நிமிர்ந்து குழாயைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவன் சின்னப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். படியேறித் தெருவுக்குப் போனான், திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் காலையிலிருந்து சொன்னதை அன்று ஒழுங்காகக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வா, பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் போவோம். சட்டையப் புடிச்சு இழுத்துட்டு வரேன்" என்று மேடையை விட்டுக் குதித்தேன். குஞ்சம்மா நகரவில்லை.

"வேணாம்ண்ணே."

"என்ன வேணாம்? பன்னெண்டு வருஷம் தெருத்தெருவா அலைஞ்சியே!"

"செத்தவரு மவளுக்குக் கல்யாணம் ஆவும். இந்தாளு மவளுக்கு ஆவாது. மாப்ள வீட்டுல கேட்டாங்கள்ல." சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நீங்க யாரையும் பாக்கல. நானும் பாக்கல. அல்லி மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வேறு என்ன செய்ய?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மைக்கில் அவள் பேசியதை எங்கள் ஊர்க்காரர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அது கடைசியில் அவளுக்கு வசதியாகத்தான் போயிற்று. "பெத்த மவ கல்யாணம்னு கூப்பிட்டும் வரலன்னா ஆளு இல்லன்னுதானே அர்த்தம்" என்று கருப்பையன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்காகக் கிழவிகள் அவளைத் திட்டினார்கள்.

தை பிறப்பதற்குள் காரியம் நடந்தது. தர்ப்பையைத் திரித்து ஒரு ஆள் செய்து, அதற்கு முத்தையனின் பழைய வேட்டியைச் சுற்றி, பாடையில் கிடத்தினார்கள். கருப்பையன் கொள்ளி வைத்தான். "அண்ணே, எந்த ஊருல தண்ணி தரக்கூட ஆளில்லாமப் போனியோ" என்று அவன் கதறியதைக் கேட்டு என்னால் நிற்க முடியவில்லை, மயானத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். பத்தாம் நாள் குஞ்சம்மாவைப் பூவும் பொட்டும் வைத்து உட்கார வைத்து, பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். எங்கோ ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தனுக்காக அவள் கழுத்திலிருந்து தாலி இறங்கியது. அவள் அழுதாள். அழுகை நிஜம்தான்.

வைகாசியில் அல்லி கல்யாணம். மைக்செட் நான்தான், கூலி வாங்கவில்லை. முகூர்த்தம் நடந்தபோது குஞ்சம்மா கொல்லையில் அண்டா பக்கத்தில் நின்றாள். கெட்டிமேளம் கேட்டு அங்கிருந்தே கும்பிட்டாள்.

அதோடு கோயில் போவதை விட்டுவிட்டாள். சோறு கட்டுவதும் நின்றது. சரி, இனியாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எண்பத்தேழு பெயர்ச்சிக்கு அல்லி கைக்குழந்தையோடு வந்தாள். மாமியாரும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், கருப்பையன் முன்னால் நின்று எல்லாரையும் குளத்துக்கு அழைத்துப் போனான். கொஞ்ச நேரத்தில் குஞ்சம்மா மட்டும் என் மேடையில் ஏறி நின்றாள். கையில் வாளி இல்லை. பிச்சைக்காரர்கள் பக்கம் திரும்பவே இல்லை. குளத்துப் படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது.

"இன்னுமா தேடுறே அந்தப் பயல?"

"தேடலண்ணே" என்றாள், கண்ணை எடுக்காமல். "இன்னைக்கும் வந்துருப்பாரோன்னு பயமா இருக்கு. கொழுந்தனாரு பாத்தாருன்னா அண்ணேன்னு கட்டிப் புடிச்சு அழுதுடுவாரு. பக்கத்துலயே மாமியாக்காரி நிக்கிறா. அப்பறம் என் பொண்ணு வாழ்ந்த மாதிரிதான். நீங்களும் அந்தப் பக்கத்துப் படியக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. தோளச் சாச்சுக்கிட்டு யாராவது வந்தா சொல்லுங்க, நான் இவங்கள வேற வழியா இட்டுக்கிட்டுப் போயிடுறேன்."

நானும் பார்த்தேன். அவர்கள் குளித்து, துணி மாற்றி, குழந்தைக்குத் தலை துவட்டி, தெருவுக்கு ஏறும்வரை அவள் உட்காரவில்லை.