ஹோபர்ட்டின் டிரம் மட்டும் நிற்பதில்லை

வெர்லின் ஸ்கேக்ஸ் தன் மச்சான் ஹோபர்ட்டுக்கு நானூறு டாலர் கடன்பட்டிருந்தான். லேத்து வாங்கும்போது குறைந்த பணம், மூன்று வருஷமாயிற்று. ஹோபர்ட் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் வெர்லினுக்குப் பொறுக்கவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன் வெர்லின். வங்கி வாசலை மிதிக்காமலே, கெண்டக்கி மலைச்சரிவில் சொந்தமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை போட்டான். சுற்றுவட்டாரத்தில் அவன் கைக்கு மசியாத துப்பாக்கி கிடையாது. ஹோபர்ட்டோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியாது.

ஆனாலும் சனிக்கிழமைகளில் சுடுதளத்தில் கூட்டம் ஹோபர்ட்டைச் சுற்றித்தான் நிற்கும். எழுபத்தைந்து தோட்டாவை வட்டமாக அடுக்கி ரைபிளின் அடியில் மாட்டும் டிரம் மேகசின் அவனிடம் இருந்தது. டிரம் என்றாலே பாதியில் மக்கர் பண்ணும் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுடையது கடைசித் தோட்டா வரை ரைபிளுக்கு ஊட்டியது. ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை.

வெர்லின் அதே கடைக்குப் போய் அதே டிரம்மை வாங்கினான். உள்ளே மெருகேற்றினான், பிசிறை ராவினான், எண்ணெயை மாற்றிப் பார்த்தான். அறுபதைத் தாண்டினால் தோட்டா மேலே ஏறாமல் நின்றுவிடும். ஹோபர்ட்டுக்கு மட்டும் நல்ல சரக்காகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டான் கடைக்காரன் என்று, சோளரொட்டியைப் பிய்த்தபடி மனைவி ஒலீட்டாவிடம் பொருமினான்.

"எங்கண்ணன்கிட்டயே கேட்டாத்தான் என்ன? வாய் தேஞ்சா போயிரும்?" என்றாள் அவள்.

"பஸ் ஓட்டுறவன்கிட்ட நான் ஸ்பிரிங் பாடம் படிக்கணுமா?"

அக்டோபர் போட்டியன்று வெர்லின் ஊரறிய ஒரு வார்த்தை விட்டான். தன் டிரம் நிற்காமல் ஓடினால் கடன் தள்ளுபடி. நின்றால் அங்கேயே பணத்தை எண்ணி வைப்பான். ஹோபர்ட் வேண்டாமென்றுதான் சொன்னான். அதுவும் வெர்லினுக்கு எரிந்தது.

முதலில் சுட நின்றவன் ஹோபர்ட். தோட்டாவைத் தள்ளும் ஸ்பிரிங் இறுக, டிரம்மின் சாவியை டிக் டிக்கென்று முறுக்கினான், சுட்டான், எழுபத்தைந்தும் போயின. அந்த டிக் டிக் சத்தத்தின் மேல்கூட வெர்லினுக்குப் பொறாமையாக இருந்தது.

வெர்லினின் டிரம் அறுபத்துநான்கில் நின்றது. பின்னால் யாரோ கனைத்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

ஹோபர்ட் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "சாவி எப்ப குடுத்த, மாப்ள?"

"தோட்டா போட்ட கையோடயே. ஏப்ரல்ல வாங்குனதுலேர்ந்து அப்படித்தான். வண்டியில எப்பவும் தயாரா கெடக்கும்."

"நான் தோட்டா மட்டும் போட்டு வெப்பேன். முறுக்குறது இங்க வந்துதான். ஆறு மாசம் முறுக்குன வாக்குலயே கெடந்தா ஸ்பிரிங்குல தெம்பு எங்க இருக்கும்?"

வாடிக்கைக்காரர்களுக்கு இதையே சொல்லி இருபது டாலர் வாங்குகிறவன் வெர்லின். ஆறு மாதமாக அவன் கண் ஹோபர்ட்டின் டிரம்மை விட்டு நகரவேயில்லை. தன்னுடையதில் சாவி முறுக்கிக் கிடந்ததை அவன் நினைத்தே பார்க்கவில்லை.

"பணத்துக்கு என்ன அவசரம்? வெச்சுக்க, மாப்ள."

"கையை நீட்டு, மச்சான்."

ஹோபர்ட் தயங்கித் தயங்கி நீட்டினான். விரித்த அந்த உள்ளங்கையில் வெர்லின் இருபது டாலர் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து, இருபதையும் உரக்க எண்ணினான்.